நெடுங்காலம் முதிர்ந்த சிங்கிள் கிரெய்ன் ஸ்காட்ச் விஸ்கி

சிங்கிள் கிரெய்ன் என்ற பெயரில் உள்ள 'சிங்கிள்' ஒரே தானியத்தைக் குறிப்பதன்று, ஒரே வடிசாலையைக் குறிப்பது. பெயர் வைத்தவர்கள் வாங்குபவரைக் குழப்பவே வைத்தார்களோ என்று தோன்றும். முளைகட்டிய பார்லியுடன் கோதுமையோ மக்காச்சோளமோ சேர்த்து இது தயாராகிறது. வடிப்பதற்குப் பெரும்பாலும் ஏனியஸ் காஃபி 1830இல் காப்புரிமை பெற்ற தொடர்வடிகலனின் வழிவந்த கருவிகளே பயன்படுகின்றன. வடிக்கும்போதே ஆல்கஹால் செறிவு 94 விழுக்காட்டை எட்டுவதால் புதுச்சாராயம் மெலிந்தது, மணம் குறைந்தது. ஆகவே பெரும்பகுதி கலவை விஸ்கிகளுக்கே போய்விடுகிறது.

சட்டம் கேட்பது ஓக் பீப்பாயில் 3 ஆண்டுகள் மட்டுமே. இதன் அருமை தெரிய 30, 40 ஆண்டுகள்கூட ஆகலாம். சாராயத்துக்குச் சொந்தக் குணம் குறைவு என்பதே இங்கு பலம். மரத்தின் குணம் தடையின்றி ஏறுகிறது. முன்பு அமெரிக்க பர்பன் இருந்த பீப்பாய்கள் வனிலா, தேங்காய், காய்ச்சிய பாகு ஆகியவற்றின் மணத்தைத் தருகின்றன. நாவில் வெண்ணெய்போல் வழுக்கும் மென்மையும் கூடுகிறது. பீப்பாய் மட்டமானால் மிஞ்சுவது மரத்தின் துவர்ப்பே. ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாகிப் போவதால், முதிர்ந்த பீப்பாயில் பாதியளவே எஞ்சுவதுண்டு.

1983இல் மூடப்பட்ட கார்ஸ்பிரிட்ஜ், 1993இல் மூடப்பட்ட கேம்பஸ், 2010இல் மூடப்பட்ட போர்ட் டண்டாஸ் ஆகிய வடிசாலைகளின் சரக்கைச் சேகரிப்போர் தேடி வாங்குகின்றனர். அதே வயதுடைய மால்ட் விஸ்கியைவிட சிங்கிள் கிரெய்னின் விலை பொதுவாகக் குறைவு.