கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சேலையும்: மர்மப் படங்களில் இடமும் உடையும்



சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் பணியாற்றிய பள்ளியில் மாறுவேடப் போட்டி நடைபெற்றது. திருவள்ளுவர், பாரதியார், மருத்துவர், தீயணைப்பு வீரர் என வழக்கமான வேடங்கள் வரிசையாக வந்தன. மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் கறுப்புக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து மேடையேறினான். யாராக வந்திருக்கிறாய் என்று கேட்டேன். "கேங்கு தலைவன், சார்" என்றான். மண்டபம் சிரிப்பால் நிறைந்தது. பெற்றோர் கைதட்டினர், நானும் தட்டினேன். வீடு திரும்பும் வழியில்தான், பார்த்தால் அஞ்ச வேண்டிய ஓர் உடையைக் கண்டு நாம் ஏன் இவ்வளவு மகிழ்ந்தோம் என்ற கேள்வி எழுந்தது. விடை தேடியபோது தமிழ் மர்மப் படங்களின் வரலாற்றுக்குள் நுழைய வேண்டியதாயிற்று.

அவ்வரலாற்றை எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) படத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம். ஏவி.எம். நிறுவனம் தயாரித்த அப்படத்தில் பாடல் இல்லை, நடனம் இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை. 1943-இல் சப்பானியர் சென்னையில் குண்டு வீசிய சூழலில், இராஜன் என்னும் வானொலிப் பொறியாளர் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்படுகிறார். (அதே ஆண்டு அக்டோபரில்தான் சயாம் மரண இரயில் பாதையின் இரு முனைகளும் இணைக்கப்பட்டன. சென்னை குண்டுக்கு அஞ்சிக்கொண்டிருந்த நாள்களில் நம் தாத்தாக்கள் பலர் எங்கே இருந்தார்கள் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.) படத்தின் பெரும்பகுதி அந்த ஒரே வீட்டைச் சுற்றி நகர்கிறது. ஐயத்துக்குரியவர்கள் ஒவ்வொருவராக வாக்குமூலம் தர, ஒவ்வொருவர் சொல்லிலும் வீடு புதிதாகத் தோன்றுகிறது. முதலில் சாதாரணமாகத் தெரிந்த அறை, மூன்றாம் முறை பார்க்கும்போது நம்மை உறுத்துகிறது.

உடை அதைவிடப் பெரிய வேலையைச் செய்கிறது. படத்தைப் பார்க்காதவர்கள் இப்பத்தியைக் கடந்து செல்லலாம். கண்ணியமான தோற்றமுடைய பொறியாளர்தான் நாட்டைக் காட்டிக் கொடுத்தவர். அவரைச் சுட்டவரோ, அடக்கமாகச் சேலையுடுத்தி நிற்கும் மனைவி உஷா. பண்டரிபாய் ஏற்ற பாத்திரம் அது. குங்குமமும் சேலையும் கண்டவுடன் 'இவரா இருக்க முடியாது' என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். இயக்குநர் ஒளித்து வைத்தது எதுவுமில்லை. நம் முன்முடிவுதான் கண்ணை மறைத்தது.

அதே பாலசந்தர் 'பொம்மை' (1964) படத்தில் வேறொரு முறையைக் கையாண்டார். சிங்கப்பூருக்குப் புறப்படும் ஒருவரைக் கொல்லப் பொம்மைக்குள் வெடிகுண்டு வைக்கப்படுகிறது. பொம்மை கைமாறி நகரெங்கும் அலைகிறது. நமக்குத் தெரிவது, அதைத் தூக்கிச் செல்பவர்க்குத் தெரியாது. ஹிட்ச்காக் 1936-இல் எடுத்த 'சபோட்டாஜ்' படத்தில் ஒரு சிறுவன் இலண்டன் தெருக்களில் அறியாமலேயே வெடிகுண்டைச் சுமந்து செல்வான். அங்கும் இங்கும் தெருவில் அச்சமூட்டும் பொருள் ஒன்றுமில்லை. கடை, பேருந்து, கூட்டம், அவ்வளவுதான். சாதாரண இடம் சாதாரணமாகவே இருப்பதுதான் தாங்க முடியாததாகிறது.

அறுபதுகளில் இதற்கு மாறான இன்னொரு மரபும் வளர்ந்தது. ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) படத்தில் பாழடைந்த மாளிகையே முற்பிறவிக்கு வாயிலாகிறது. 'யார் நீ' (1966) படத்தில் மழையிரவும் வெள்ளுடைப் பெண்ணும் வருகிறார்கள். இப்படங்களுக்குப் பின் பங்களாவும் பனிமூட்டமும் வெள்ளைச் சேலையும் திகிலின் அடையாளங்களாகவே நிலைத்துவிட்டன. பின்னாளில் நகைச்சுவைக்கும் பயன்பட்டன. கறுப்பு வெள்ளைப் படத்தில் இருளுக்குள் வெண்மை எடுப்பாகத் தெரியும் என்பது தொழில்நுட்பக் காரணம். ஆயினும் வெள்ளைச் சேலை நம்மை நடுங்க வைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அது கைம்பெண்ணின் உடை. உயிரோடிருக்கும் ஒரு பெண்ணின் மீது சாவின் நிறத்தைச் சுற்றிவிட்டு, பின்னர் அவளைக் கண்டே அஞ்சிய சமூகம் நம்முடையது. திரைப்படம் அதைக் கடன் வாங்கிக்கொண்டது.

மலாய் மரபிலும் வெள்ளை சாவின் நிறமே. பொந்தியானாக் என்னும் பேய் வெண்ணிற ஆடையும் அவிழ்ந்த கூந்தலுமாக வாழை மரத்தடியில் நிற்பாள் என்பது நம் நாட்டில் பிள்ளைகளும் அறிந்த கதை. 'பொந்தியானாக்' என்ற பெயரிலேயே 1957-இல் சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனம் எடுத்த படம் பெருவெற்றி பெற்றது. மரியா மெனாடோ நடித்த அப்படத்தை இயக்கிய பி.என். ராவ் இந்தியாவிலிருந்து வந்தவர். கம்பத்து வீடுகளும் வாழைத்தோப்பும் இருந்தால் போதும், பங்களா தேவைப்படவில்லை. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் நெற்றி விளக்குடன் பால்மரக் காட்டுக்குள் பால் வெட்டப் போன நம் பாட்டிமார்களுக்கு ஒவ்வொரு நிரையும் ஒரு திகில் படம்தான்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். 1980-இல் இரசினிகாந்து நடித்த 'பில்லா', 2007-இல் விஷ்ணுவர்தன் இயக்கத்தில் அஜித் நடிக்க மறு ஆக்கமாக வந்தபோது கதைக்களம் மலேசியாவுக்கு மாறியது. கதை அதேதான்: இறந்துபோன குற்றவாளியின் உடையை எளிய மனிதன் ஒருவன் அணிகிறான். உண்மை தெரிந்த காவல் அதிகாரி இறந்துவிட்டால் அவன் யாரென்று மெய்ப்பிக்க எவருமில்லை. கோட்டைக் கழற்ற முடியாத நிலைதான் படத்தின் முழுப் பதற்றமும். உடையலங்காரம் செய்தவர் அனுவர்தன். கோட்டும் கண்ணாடியும் பூட்டிய கதவைப் போல முகத்தை மூடிவிடுகின்றன.

இடம் மட்டும் நம்மிடம் எடுபடவில்லை என்றே சொல்வேன். தமிழகத்து இரசிகர்க்கு அந்நிய நகரமாய்த் தெரிந்த கோலாலம்பூர், நமக்கு அன்றாடம் நெரிசலில் சிக்கும் ஊர். 2006-இல் திறப்பு விழாக் கண்ட பத்துமலையின் 42.7 மீட்டர் முருகன் சிலை திரையில் தோன்றியபோது என் பின்னிருக்கையில் ஒருவர், தாம் தைப்பூசத்துக்கு வண்டி நிறுத்திய இடத்தைப் பற்றி மனைவியிடம் பேசத் தொடங்கிவிட்டார். அச்சம் அங்கேயே கலைந்தது. இடம் கைகொடுக்காதபோது எஞ்சி நின்றது உடை மட்டுமே. அது அச்சமாக எஞ்சவில்லை, அழகாக எஞ்சியது. 2016-இல் பா. இரஞ்சித்தின் 'கபாலி' வந்தபோது அந்தக் கோட்டு உரிமையின் சின்னமாகப் பேசப்பட்டது. நம் சிறுவர்களுக்கு அந்தப் பேச்சு எட்டியதா என்பது ஐயமே, கோட்டு எட்டியது.

இவற்றுக்கிடையே வந்த சஞ்செய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) என்னை உறங்கவிடாத படம். அதை மர்மப் படம் என்று எவரும் வகைப்படுத்த மாட்டார். தொண்ணூறுகளின் தொடக்கம். தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடியிருப்பில் வாழும் குடும்பம். அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். அவனுடைய கற்பனைக்குப் பள்ளியில் இடமில்லை. குண்டர் கும்பலில் உள்ள மாமாவிடம் ஈர்ப்பு. பனிமூட்டம் இல்லை, மாளிகை இல்லை. பலகை வீடு, மண் பாதை, சாதாரணச் சட்டைகள். 'பொம்மை' படத்தில் போலவே, அவன் எதைச் சுமந்து செல்கிறான் என்பது நமக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. அவன் போட்டிருப்பது நாம் நாள்தோறும் பார்க்கும் வெள்ளைச் சட்டை, பள்ளிச் சீருடை.

மாறுவேடப் போட்டிக்குப் பிறகு அந்த மூன்றாம் ஆண்டு மாணவனின் தந்தையிடம் பேசினேன். அண்ணன் திருமணத்துக்காகக் கிள்ளான் தெங்கு கிளானாவில் எடுத்த கோட்டு, சார், வேறு வேடத்துக்குச் செலவு செய்ய முடியவில்லை என்றார். 'கேங்கு தலைவன்' என்று சொல்ல எவரும் கற்றுத் தரவில்லையாம். கோட்டைப் போட்டதும் அவனாகவே அப்படிச் சொன்னானாம்.

மறு ஆண்டும் அவன் அதே கோட்டில் வந்தான். கைகள் சற்றுக் குட்டையாகிவிட்டிருந்தன. கண்ணாடி இல்லை, கக்கத்தில் ஒரு கோப்பு. இம்முறை யார் என்று கேட்டேன்.

"வழக்கறிஞர், சார்."