பக்கவாதமும் எச்.ஐ.வி.யும்: மலாவி நாட்டின் அனுபவம்

பக்கவாதம் என்றதும் நரை கண்ட முதியவர்களின் முகமே நம் நினைவுக்கு வருகிறது. ஆப்பிரிக்காவின் தென்கிழக்கிலுள்ள மலாவி நாட்டிலோ, தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கும் வயதினரே பலர் இந்நோய்க்கு ஆளானார்கள். அவர்களுள் கணிசமானோரின் இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது.

1981இல் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோய் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. 1983இல் பாரிஸ் மாநகரின் பாஸ்டர் கழகத்தில் கிருமியைக் கண்டறிந்தார்கள். 1996இல் கூட்டுமருந்து வந்தது. ஏழை நாடுகளுக்கு அது வந்துசேரப் பல ஆண்டுகள் பிடித்தன. மலாவி அரசு 2004இல்தான் இலவசமாக வழங்கத் தொடங்கியது. மரணம் பின்வாங்கியது, ஆனால் பிழைத்தவர்களின் உடலில் நோய் ஊனங்களை விட்டுச்சென்றது. மருத்துவ வரலாற்றை எழுதுவோர் மாத்திரையைப் புகழும் அளவுக்கு ஊன்றுகோலைப் புகழ்வதில்லை என்பது நம் கருத்து.

பிளான்டையர் நகர மருத்துவமனையில் பக்கவாதம் கண்ட 222 பேரை ஆராய்ந்த அறிக்கை 2016இல் வெளியாயிற்று. முதற்காரணம் இரத்த அழுத்தம், அடுத்தது எச்.ஐ.வி. கிருமி இரத்தக் குழாய்களைப் புண்படுத்துகிறது. உடல் வலுவிழந்த வேளையில் காசநோய், மேகநோய் போன்றவையும் மூளைக் குழாய்களைத் தாக்குகின்றன. வியப்பு என்னவென்றால், மருந்து தொடங்கிய முதல் 6 மாதங்களில் ஆபத்து மிகுந்திருந்தது. உறங்கிக் கிடந்த எதிர்ப்பாற்றல் திடீரென விழித்து வீக்கத்தை உண்டாக்குவதே இதற்குக் காரணமாகலாம் எனக் கருதுகிறார்கள். அதற்காக மருந்தை நிறுத்தலாகாது. நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும்.

இனி மறுவாழ்வுப் பயிற்சிக்கு வருவோம். மூளையில் ஒரு பகுதி அழிந்தாலும், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால், எஞ்சிய பகுதிகள் அவ்வேலையை ஓரளவு ஏற்றுக்கொள்கின்றன. இதற்குப் பொறுமையும் உடற்சத்தும் வேண்டும். மெலிந்த தசையும் தீராத அயர்ச்சியும் உள்ளவர் என்ன செய்வார்? மலாவியில் பல்லாண்டுகள் கொடுக்கப்பட்ட ஸ்டாவுடின் என்னும் மருந்து பலருடைய பாதங்களை மரத்துப்போகச் செய்தது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் அதைக் கைவிடும்படி கூறிற்று. தரை காலில் படுவதே தெரியாதவருக்கு நடை பழக்குவது எவ்வளவு கடினம்! அவருடைய பயிற்சி சிறிது சிறிதாக, இடையிடையே ஓய்வு கொடுத்து அமைய வேண்டும்; தாம் கால் வைக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்து நடக்கவும் அவர் பழக வேண்டும்.

இச்சிகிச்சைக்குத் தொடுதல் இன்றியமையாதது. தொட்டால் தொற்றும் என்ற அச்சம் உலகெங்கும் இருந்தது. 1987இல் இலண்டன் மருத்துவமனை ஒன்றில் இளவரசி டயானா கையுறையின்றி ஒரு நோயாளியின் கையைப் பற்றியது செய்தியானதே, அந்த அச்சம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்குச் சான்று.

மலாவியில் பயிற்சி பெற்ற உடலியக்கச் சிகிச்சையாளர்கள் மிகச் சிலரே. ஆனால் அந்நாட்டு மருத்துவமனைகளில் உறவினர் ஒருவர் நோயாளியுடன் தங்கிச் சமைத்து, குளிப்பாட்டி, துணையிருப்பது வழக்கம். ஆகவே பாடம் அந்த உறவினருக்கே கற்பிக்கப்படுகிறது. துவண்ட தோளை இழுக்காமல் தாங்கித் தூக்குவது, படுத்த நிலையிலிருந்து திருப்புவது, ஒற்றைக் கையால் மருந்துப் புட்டியைத் திறக்கப் பழக்குவது ஆகியவற்றை அவர் கற்றுக்கொள்கிறார். கடைசியாகச் சொன்னதை அற்பமென்று எண்ணாதீர்கள். மூடியைத் திறக்க முடியாதவர் அன்றைய எச்.ஐ.வி. மருந்தையும் இழக்கிறார்.