மதிலும் வாயிலும்: தீயரண் கடந்து வந்த பாதை



ஒரு மாணவனைப் பள்ளியில் பதியும்போது அவனுடைய பிறப்புப் பத்திர எண், வீட்டு முகவரி, பெற்றோரின் அடையாள அட்டை எண், குடும்ப வருமானம் எனப் பல விவரங்களைக் கேட்டுப் பெறுகிறோம். முன்பெல்லாம் அவை அலுவலகத்து இரும்பு அலமாரியில் கிடந்தன. அலமாரிக்கு ஒரு சாவி. அந்தச் சாவிக்கு ஒரு பொறுப்பாளர். இன்று அவ்விவரங்கள் எங்கோ ஒரு கணினியின் தரவுத்தளத்தில் உறங்குகின்றன. அந்த அலமாரிக்குப் பூட்டு எது? சாவி யாரிடம் உள்ளது?

அப்பூட்டுகளுள் முதன்மையான ஒன்று, 'ஃபயர்வால்' என வழங்கப்படும் தீயரண். நான் கணினி வல்லுநன் அல்லன். தமிழும் வரலாறும் விரும்பிப் படிக்கும் ஆசிரியன். ஆயினும் இத்தீயரணின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, இது நாம் அனைவரும் அறிய வேண்டிய பாடம் என்றே தோன்றியது.

சொல் பிறந்த இடம்

தீச்சுவர் என்பது கட்டடக் கலையிலிருந்து வந்த சொல். நம் நாட்டின் பழைய கடைவீடுகளைப் பாருங்கள். இரு வீடுகளுக்கு நடுவே நிற்கும் செங்கற்சுவர் பல இடங்களில் கூரைக்கு மேலும் சற்று உயர்ந்து நிற்கும். ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டிற்குத் தாவாதிருக்கவே அந்த ஏற்பாடு. 1881-இல் கோலாலம்பூரைத் தீ விழுங்கியது. அன்றைய வீடுகள் பெரும்பாலும் மரமும் அத்தாப்பும் கொண்டவை. அதன் பின்னர், பிராங்க் சுவெட்டன்ஹாம் ரெசிடெண்டாக இருந்த காலத்தில், செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும் என்ற விதி வந்தது. அந்தச் செங்கற்களைச் சுட்ட சூளைகள் இருந்த இடமே நமக்கெல்லாம் நன்கு பழக்கமான பிரிக்ஃபீல்ட்ஸ்.

ஊர் எரிந்த பிறகே சுவர் எழுந்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். கணினி உலகின் கதையும் அதுவே.

1988: முதல் தீ

தொடக்க கால இணையம் ஒரு சிற்றூர் போன்றது. பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் ஒன்றையொன்று நம்பிக் கதவைத் திறந்தே வைத்திருந்தன. 1988 நவம்பர் 2-ஆம் நாள், கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் எழுதிய ஒரு சிறிய நிரல் இணையத்தில் விடப்பட்டது. தன்னைத் தானே படியெடுத்துக்கொண்டு கணினி விட்டுக் கணினி தாவிய அந்தப் 'புழு', ஏறத்தாழ 6,000 கணினிகளை முடக்கியதாக மதிப்பிடப்பட்டது. அன்றைய இணையத்தில் அது பத்தில் ஒரு பங்கு.

அக்காலத்திலேயே சிலர் சுவர் எழுப்பும் பணியில் இறங்கியிருந்தனர். டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெஃப் மோகல், கணினிகளுக்கிடையே செல்லும் தரவுப் பொட்டலங்களைச் சோதித்து, விதிக்கு உட்பட்டவற்றை மட்டும் விடும் முறையை 1989-இல் விளக்கினார். பெல் ஆய்வுக்கூடத்தில் பில் செஸ்விக் தம் நிறுவனத்தின் இணைய நுழைவாயிலை 1990-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். அவரும் ஸ்டீவன் பெல்லோவினும் சேர்ந்து 1994-இல் வெளியிட்ட நூல், தீயரண் பற்றிய முதல் பாடநூல்களுள் ஒன்றாயிற்று.

செஸ்விக் அப்போதே ஒரு குறையைச் சுட்டினார். வெளியே மொறுமொறுப்பான ஓடும் உள்ளே மெத்தென்ற பண்டமும் கொண்ட மிட்டாயைப் போன்றது, வாயிலில் மட்டும் காவல் வைத்த நிறுவனம். ஓட்டை ஒருமுறை உடைத்துவிட்டால் உள்ளே தடுப்பார் இல்லை.

சமையலறையும் பரிமாறும் இடமும்

1990-களின் நடுவில் வணிகமும் வங்கியும் இணையத்திற்கு வந்தன. வெறும் பக்கங்களைக் காட்டிய தளங்கள், மக்களின் விவரங்களைப் பெற்றுச் சேமிக்கத் தொடங்கின. இங்கேதான் இருவகை வழங்கிகளைப் பிரிக்க வேண்டிய தேவை எழுந்தது.

ஓர் உணவகத்தை எண்ணிப் பாருங்கள். வாடிக்கையாளர் அமரும் கூடம் ஒன்று, சமையலறை ஒன்று. கூடத்திற்குள் யாரும் வரலாம். அது வலை வழங்கி. சமையலறைக்குள் வாடிக்கையாளர் நுழைவதில்லை. அது தரவுத்தள வழங்கி. இரண்டிற்கும் நடுவே உணவு நீட்டும் ஒரு சிறு சாளரம் மட்டும் இருக்கும். கணினி மொழியில் அச்சாளரத்திற்குத் 'துறை' என்று பெயர். ஒவ்வொரு துறைக்கும் ஓர் எண் உண்டு.

நல்ல தீயரணின் விதிகள் மிகச் சிலவே. வெளியுலகிலிருந்து வலை வழங்கிக்கு 443 என்ற துறை போன்ற பொதுவாயில் மட்டும் திறந்திருக்கும். வலை வழங்கியிலிருந்து தரவுத்தளத்திற்கு ஒரே ஒரு துறை: மையெஸ்கியூஎல் என்றால் 3306, போஸ்ட்கிரெஸ் என்றால் 5432, மைக்ரோசாஃப்டின் தரவுத்தளம் என்றால் 1433. அதுவும் குறிப்பிட்ட அந்த வலை வழங்கியின் முகவரிக்கு மட்டுமே. வெளியுலகிலிருந்து தரவுத்தளத்திற்கு நேர்வழி கிடையாது. தரவுத்தளம் தானாக வெளியுலகைத் தொடர்பு கொள்ளவும் கூடாது. பராமரிப்பாளர் நுழையத் தனிக் காவல் கொண்ட வேறு வழி. இறுதியாக, எல்லாவற்றினும் முக்கியமான விதி: மேலே சொல்லப்படாத யாவும் மறுக்கப்படும்.

'தடுக்கப்பட்டவை இவை' என்று பட்டியலிடுவது எளிது. ஆனால் பட்டியலில் இல்லாத பகைவன் நாளை வருவான். 'அனுமதிக்கப்பட்டவை இவை மட்டுமே' என்பதே அரணின் இலக்கணம்.

2003: பத்து நிமிடத்தில் பரவிய தீ

இவ்விலக்கணத்தை உலகம் பின்பற்றவில்லை என்பதை 2003 ஜனவரி 25 காட்டியது. 'ஸ்லாமர்' என்ற புழு வெறும் 376 பைட் அளவுடையது. மைக்ரோசாஃப்ட் தரவுத்தளத்தின் 1434 என்ற துறை வழியே அது நுழைந்தது. பத்தே நிமிடங்களில், தாக்கத்தக்க நிலையிலிருந்த கணினிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு அதற்கு இரையாயின. குறைந்தது 75,000 கணினிகள் பாதிக்கப்பட்டன. தென்கொரியாவில் இணையம் திணறியது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான ஏ.டி.எம். பொறிகள் பணம் தர மறுத்தன.

ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஆறு மாதங்களுக்கு முன்பே, 2002 ஜூலையில், வெளிவந்திருந்தது. அதைப் பொருத்தாதவர்கள்கூட, அந்தத் துறையை உலகிற்குத் திறந்து வைக்காமல் இருந்திருந்தால் வெளியிலிருந்து புழு நேராக நுழைந்திருக்க முடியாது. சமையலறையின் பின்கதவைத் தெருவை நோக்கித் திறந்து வைத்ததற்கு ஒப்பான பிழை இது.

அதே புழு ஒகையோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையக் கணினிகளுக்குள்ளும் புகுந்தது. அங்கே தீயரண் இருந்தது. அது அந்தத் துறையைத் தடுத்தும் இருந்தது. ஆனால் ஒப்பந்தக்காரர் ஒருவரின் இணைப்பு, தீயரணைச் சுற்றிக்கொண்டு உள்ளே சென்றது. பாதுகாப்பு நிலையைக் காட்டும் திரை ஏறத்தாழ ஐந்து மணி நேரம் செயலிழந்தது. அணுவுலை அப்போது நிறுத்தப்பட்டிருந்ததால் ஆபத்து நேரவில்லை. மதில் எவ்வளவு உயரமாயினும், சுரங்க வழி ஒன்று இருந்தால் மதில் வெறும் அழகே.

2018: அண்டை வீட்டில் நடந்தது

இவையெல்லாம் தொலைதூரக் கதைகள் என எண்ண வேண்டா. 2018-இல் நம் அண்டை நாடான சிங்கப்பூரில், சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் பேரின் பெயர், அடையாள எண், முகவரி, பிறந்த நாள் ஆகியவை களவாடப்பட்டன. அந்நாட்டு மக்கள்தொகையில் அது கால் பங்கிற்கும் மேல். அவர்களுள் 1 இலட்சத்து 60 ஆயிரம் பேரின் மருந்து விவரங்களும் போயின. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்கள் குறிவைத்துத் தேடப்பட்டன.

விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வெளிவந்தது. அதில் என் மனத்தைத் தைத்த பகுதி ஒன்றுண்டு. மருத்துவமனையின் நடுநிலை வழங்கிகளுக்கும் தரவுத்தளத்திற்கும் இடையே ஓர் இணைப்பு திறந்தே இருந்தது. நிருவாகக் கருவிகளுக்காக அது வைக்கப்பட்டிருந்தது. ஆனால் அவ்வாறு வைத்திருக்க வேண்டிய தேவையே இல்லை எனக் குழு கண்டது. தாக்கியவர்கள் அந்த இணைப்பின் வழியாகவே தரவுத்தளத்தைக் கேள்வி கேட்டனர். தரவுத்தளத்தைக் கவனித்த பணியாளர்கள் 2018 ஜூலை 4 அன்று வழக்கத்திற்கு மாறான கேள்விகளைக் கண்டு தடுத்து நிறுத்தினர். இவ்வழக்கில் பின்னர் விதிக்கப்பட்ட அபராதம் மொத்தம் 10 இலட்சம் வெள்ளி.

திறந்த ஒரு வாயிலை ஆண்டுக்கு ஒருமுறையேனும் 'இது இன்னும் தேவையா?' என்று கேட்டுப் பார்ப்பதில் எவ்வளவு பொருள் இருக்கிறது! பணத்தைத் திருடினால் ஈடு செய்யலாம். பிறந்த நாளையும் அடையாள எண்ணையும் மாற்றித் தர எவராலும் இயலாது. ஏழு வயதில் களவு போன விவரம், எழுபது வயது வரை அந்தப் பிள்ளையைப் பின்தொடரும்.

அரணும் ஆளும்

தீயரண் ஒன்றே போதும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அனுமதிக்கப்பட்ட சாளரத்தின் வழியே நஞ்சு கலந்த கேள்வியை அனுப்பும் உத்தி 1998-லேயே வெளிப்படையாக எழுதப்பட்டுவிட்டது. வலை வழங்கி சொல்வதையெல்லாம் தரவுத்தளம் நம்பினால், வெறும் துறை எண்ணைப் பார்க்கும் சுவரால் பயனில்லை. ஆகவே நிரலும் செம்மையாக எழுதப்பட வேண்டும். வலை வழங்கிக்குத் தரப்படும் உரிமையும் தேவைக்கு மிஞ்சாதிருக்க வேண்டும்.

வள்ளுவப் பெருந்தகை 'அரண்' என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அது 75-ஆம் அதிகாரம். உயரம், அகலம், உறுதி என மதிலின் சிறப்புகளையெல்லாம் அடுக்கிய பின், அதிகாரத்தை அவர் முடிக்கும் கருத்து எது தெரியுமா? எத்தனை மாட்சி இருந்தாலும், செயலில் சிறந்தவர் உள்ளே இல்லையேல் அரண் பயனற்றது என்பதே.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு புதிய செயலியையோ இணையப் பதிவு முறையையோ ஏற்கும்முன், அதை விற்பவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எங்கள் பிள்ளைகளின் தரவுத்தளம் வலை வழங்கியிலிருந்து பிரிக்கப்பட்டுள்ளதா? இணையத்திலிருந்து அதற்கு நேர்வழி உண்டா? பராமரிப்பாளர் எவ்வழியாக நுழைகிறார்? விதிகளைக் கடைசியாக யார், எப்போது சரிபார்த்தார்? இவற்றைக் கேட்கக் கணினிப் பட்டம் வேண்டியதில்லை. விடை சொல்லத் தயங்குபவரிடம் நம் பிள்ளைகளின் விவரங்களை ஒப்படைக்காதிருப்போம்.