தலை வணங்காத குற்றம்!

1766 ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள் முதல் நாள். பிரெஞ்சு நாட்டின் வடபகுதியிலே உள்ள அப்வீல் என்னும் நகரிலே கொலைமேடை எழுப்பப்பட்டிருக்கிறது. வீதியெங்கும் மக்கள் வெள்ளம். வாலிபன் ஒருவன் கொண்டுவரப்படுகிறான். வயது 20. கால்களை இடுக்கி நசுக்கும் சித்திரவதை காலையிலேயே முடிந்துவிட்டது. கடவுளை நிந்தித்த பாவி என்று எழுதிய அட்டை அவன்மீது தொங்குகிறது. கொலைஞனின் வாள் வீழ்ந்தது; தலை உருண்டது. உடலைத் தீயிலே இட்டனர். அத்துடன் ஒரு புத்தகத்தையும் போட்டுக் கொளுத்தினர். வால்டேர் எழுதிய 'தத்துவ அகராதி' அது!

லா பார் என்பது அந்த வாலிபனின் பெயர். என்ன செய்தான் அவன்? கொலையா? இல்லை. கொள்ளையா? இல்லை. அரசனை வீழ்த்தச் சதியா? அதுவும் இல்லை. கத்தோலிக்கத் துறவிகளின் ஊர்வலம் வீதியிலே சென்றபோது, அவனும் அவன் தோழர்களும் தொப்பியைக் கழற்றவில்லை, மண்டியிடவில்லை. மதத்தை இழித்துரைக்கும் பாட்டுகளைப் பாடினான். வைத்திருக்கக் கூடாத புத்தகங்களை வைத்திருந்தான். இவைதாம் குற்றங்கள்!

சில வாரங்கள் கழித்து, ஊர்ப் பாலத்திலே இருந்த சிலுவை சிதைக்கப்பட்டுக் கிடந்தது. ஊர் கொதித்தது. அமியான் நகர பிஷப் வெறுங்காலுடன் ஊர்வலமாக வந்து பரிகாரச் சடங்கு நடத்தினார். குற்றவாளி யார் என்ற வேட்டை தொடங்கிற்று. சிலுவையைச் சிதைத்தவன் லா பார்தான் என்று மெய்ப்பிக்க முடியவில்லை. எனினும் என்ன? தொப்பி இருந்தது, பாட்டு இருந்தது, புத்தகம் இருந்தது. உயிரைப் பறிக்க அவை போதுமானவையாயின. உடன் குற்றம் சாட்டப்பட்ட தோழர்களுள் ஒருவன் நாட்டைவிட்டே ஓடி உயிர் தப்பினான்.

இங்கேதான் நாம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தத் தண்டனையை விதித்தது திருச்சபையின் மன்றம் அன்று, அரசனின் நீதிமன்றம். அதை உறுதி செய்தது பாரிஸ் உயர் நீதிமன்றம். மன்னிப்பு வழங்கும் உரிமை பெற்றிருந்தவன் 15 ஆம் லூயி மன்னன். பரிகார ஊர்வலம் நடத்திய அதே பிஷப் மனம் இரங்கி, வாலிபனுக்கு உயிர்ப்பிச்சை அளிக்குமாறு வேண்டினார். மன்னன் மறுத்துவிட்டான். மதகுரு இரங்கினார், மன்னனால் இரங்க முடியவில்லை. ஏன்?

விடை ரேம்ஸ் நகரத் தேவாலயத்திலே இருக்கிறது. பிரெஞ்சு மன்னர்கள் அங்கேதான் முடி சூடுவர். புறா ஒன்று விண்ணிலிருந்து கொண்டுவந்ததாகக் கதை கட்டப்பட்ட ஒரு குப்பி. அதிலுள்ள எண்ணெயை எடுத்து மன்னன் உடலிலே பூசுவர். பூசியபின் அவன் மனிதன் அல்லன், ஆண்டவனின் பிரதிநிதி! அதற்குக் கைம்மாறாக, திருச்சபையைக் காப்பேன், மாற்றுக் கொள்கையரை ஒழிப்பேன் என்று அவன் சூளுரைக்க வேண்டும். 15 ஆம் லூயி 1722 இல் அந்தச் சூளுரையை எடுத்துக்கொண்டபோது அவனுக்கு வயது 12.

சூளுரையா அது? வாணிகம்! அரியணைக்குத் தெய்வீகம் கிடைத்தது. ஆலயத்துக்கு வாள் கிடைத்தது. தெய்வீகத்தை விலைக்கு வாங்கிய மன்னன், தெய்வத்தை மதிக்காதவனை மன்னித்தால் தன் மகுடத்தையே மதிக்காதவன் ஆவான். எனவே தொப்பியைக் கழற்றாத வாலிபன் ராஜத் துரோகி ஆனான்.

இந்த வாணிகத்தின் விலையைக் கொடுத்தவன் லா பார் மட்டும் அல்லன். புராட்டஸ்டண்டு கிறித்தவர்களுக்கு 1598 இல் அளிக்கப்பட்ட உரிமைகளை 1685 இல் 14 ஆம் லூயி பறித்தான். ஏறத்தாழ 2 இலட்சம் பேர் நாட்டைத் துறந்து ஓடினர். எஞ்சியவர் நிலை என்ன? பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றையும் பதியும் ஏடு கத்தோலிக்கப் பாதிரியின் கையிலே. அவர் முன்னிலையிலே மணம் முடிக்காதவரைச் சட்டம் கணவன் மனைவி என்று ஏற்காது; அவர்கள் பெற்ற பிள்ளைகளை முறையான வாரிசுகள் என்றும் ஏற்காது! 1787 வரை இந்தக் கொடுமை நீடித்தது. இது நமக்குப் புரியாத கதையன்று. புரோகிதரும் தீவலமும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்களுக்கு நம் மாநிலச் சட்டமன்றம் 1967 இல்தானே சட்டத் தகுதி அளித்தது!

1762 இல் துலூஸ் நகரிலே ழான் கலாஸ் என்னும் புராட்டஸ்டண்டு வணிகரைச் சக்கரத்திலே கட்டி எலும்புகளை முறித்துக் கொன்றது அரசின் நீதி. மகன் கத்தோலிக்க மதத்துக்கு மாற இருந்ததால் தந்தையே கொன்றுவிட்டார் என்பது குற்றச்சாட்டு. வால்டேர் எழுதினார், வாதாடினார், ஐரோப்பாவையே தட்டி எழுப்பினார். 1765 இல் கலாஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டிலேதான் லா பார் தலை வீழ்ந்தது! ஒரு தீர்ப்பைத் திருத்தினர். தீர்ப்பைப் பிறப்பித்த அமைப்பைத் திருத்தவில்லை.

அமைப்பைத் திருத்தப் புரட்சி வர வேண்டியிருந்தது. மதக் கருத்து உட்பட எந்தக் கருத்துக்காகவும் ஒருவரைத் துன்புறுத்தலாகாது என்றது 1789 ஆம் ஆண்டின் உரிமைப் பிரகடனம். 1791 இல் வந்த புதிய தண்டனைச் சட்டத்திலே கடவுள் நிந்தனை என்ற குற்றமே இல்லை. 1792 இல் பிறப்பு இறப்பு ஏடு பாதிரியின் கையிலிருந்து நகராட்சியின் கைக்கு வந்தது. 1793 இல் ரேம்ஸ் நகரின் புனிதக் குப்பி பொதுமக்கள் முன்னிலையிலே உடைக்கப்பட்டது. அதே ஆண்டு, லா பார்மீது சுமத்தப்பட்ட பழியும் துடைக்கப்பட்டது.

ஆனால் உண்மையை மறைத்தல் பகுத்தறிவுக்கு அழகன்று. புரட்சி அரசும் தவறிற்று. 1790 இல் பாதிரிகளை அரசு ஊழியராக்கி, விசுவாசப் பிரமாணம் செய்யுமாறு வற்புறுத்திற்று, மறுத்தவரை வேட்டையாடிற்று. 1794 இல் பரம்பொருளுக்கு விழா எடுத்தார் ரோபஸ்பியர். பழைய கடவுளை இறக்கிவிட்டுப் புதிய கடவுளை ஏற்றினால் அரசு மதத்திலிருந்து விடுபட்டதாகுமா? தலை வணங்காதவனை மன்னன் கொன்றான். தலை வணங்கியவனைப் புரட்சி கொன்றது. தலை எவன் முன் வணங்குகிறது என்பதைக் கவனிப்பது அரசின் வேலை என்ற எண்ணம் மட்டும் மாறவே இல்லை!

எனவேதான் பழைய வாணிகம் எளிதாகத் திரும்பி வந்தது. 1801 இல் போப்பாண்டவருடன் உடன்படிக்கை செய்துகொண்டார் நெப்போலியன். பாதிரிகளுக்கு அரசுச் சம்பளம். 1806 இல் சிறுவர்களுக்கான மதபோதனை நூலிலே, பேரரசருக்கு வரி செலுத்துவதும் அவர் படையிலே சேர்வதும் தெய்வக் கடமை, தவறினால் நரகம் என்று சேர்க்கப்பட்டது! உடைந்த குப்பியின் எண்ணெய் மிச்சம் இருக்கிறது என்று சொல்லி, 1825 இல் ரேம்ஸ் நகரிலே முடி சூடினான் 10 ஆம் சார்லஸ். அதே ஆண்டு, திருப்பலி அப்பத்தைத் தீட்டுப்படுத்துவோருக்கு மரண தண்டனை என்றொரு சட்டமும் வந்தது. அச்சட்டப்படி எவரும் கொல்லப்படுமுன் 1830 இல் மக்கள் எழுந்தனர், மன்னன் ஓடினான், சட்டம் ஒழிந்தது.

வாணிகத்தின் வேரை அறுத்த இடம் எது? நம்மைப் போன்ற ஆசிரியர்கள் நிற்கும் வகுப்பறை! 1850 ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கப் பள்ளிகளைக் கண்காணிக்கும் பொறுப்பிலே பாதிரிகளுக்குப் பங்கு அளித்திருந்தது. அமைச்சர் ழூல் பெரி அந்நிலையை மாற்றினார். 1881 இல் தொடக்கக் கல்வி இலவசமாயிற்று. 1882 இல் கட்டாயமாயிற்று. மதபோதனை பாடவேளையிலிருந்து நீங்கிற்று. குடிமைப் பாடம் அந்த இடத்தைப் பெற்றது. விரும்பும் பெற்றோர் பள்ளிக்கு வெளியே மதம் கற்பிக்க, ஞாயிறு நீங்கலாக வாரத்திலே ஒரு நாள் விடப்பட்டது. எவர் நம்பிக்கையையும் பறிக்கவில்லை. எவர் நம்பிக்கைக்கும் அரசு காவல் நிற்கவில்லை.

அந்தப் பள்ளிகளிலே பயின்ற தலைமுறை வளர்ந்தபின்னரே 1905 ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதன் முதல் விதி மனச்சான்றின் உரிமைக்குக் காப்பளிக்கிறது. இரண்டாம் விதியோ எந்த மதத்தையும் குடியரசு அங்கீகரிக்காது, எதற்கும் சம்பளமோ மானியமோ தராது என்கிறது. கணக்கு முழுவதும் தீர்ந்துவிடவில்லை. அப்போது ஜெர்மனியின் ஆட்சியிலே இருந்த அல்சாஸ் பகுதிக்கு அச்சட்டம் செல்லவில்லை. இன்றும் அங்கே மதகுருமாருக்கு அரசே சம்பளம் தருகிறது. கடவுள் நிந்தனைக் குற்றம் அங்கே சட்ட ஏட்டிலிருந்து நீங்கியது 2017 இல்தான்.

பாரிஸ் நகரத்து மோன்மார்த்ரு குன்றின் மேல், பெருந்தேவாலயத்தின் எதிரே லா பாருக்குச் சிலை வைத்தனர். 1926 இல் அது அருகிலுள்ள பூங்காவுக்கு மாற்றப்பட்டது. 1941 இல், ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது, உலோகத்துக்காக உருக்கப்பட்டது. 2001 இல் புதிய சிலை எழுந்தது. தலையிலே தொப்பியுடன் நிற்கிறான் அவன்!

தோழர்களே! எந்த நாட்டிலேனும், எந்த மதத்தின் பெயராலேனும், ஆட்சிப் பீடம் ஆலயத்தின் ஆசியை நாடும்போது, நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதற்குக் கைம்மாறாகக் கொடுக்கப் போவது என்ன? ஆசி இலவசமாகக் கிடைத்ததாக வரலாற்றிலே சான்று இல்லை. விலை பேசுவோர் இருவர். விலை கொடுப்பவனோ மூன்றாமவன். அவன் சில வேளை மாற்று மதத்தவன். சில வேளை மதமே இல்லாதவன். சில வேளை, அவசரமாக வீதியைக் கடந்து செல்லும் 20 வயது இளைஞன்.

விரும்பியவர் தொப்பியைக் கழற்றட்டும். விரும்பாதவர் அணிந்து செல்லட்டும். இருவரையும் ஒரே கண்ணால் பார்ப்பதே அரசு.