ஞானஸ்நானம் பெறாத பேரரசன்

கிறிஸ்தவ சமயத்தில், மீட்புப் பெற ஞானஸ்நானம் இன்றியமையாததா என்னும் வினா ஒரு மன்னன் மறைவால் கூர்மையுற்றது. உரோமப் பேரரசன் இரண்டாம் வாலண்டினியன், இன்றைய பிரான்சிலுள்ள வியேன் நகரில் கி.பி. 392இல் மாண்டான். ஞானஸ்நானம் அளிக்க வருமாறு மிலான் நகர ஆயர் அம்புரோசை அவன் அழைத்திருந்தான். அவர் வந்து சேருமுன் உயிர் பிரிந்தது.

நீரினாலும் ஆவியினாலும் பிறத்தலை வலியுறுத்துகிறது யோவான் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரம். எனின், நீராடாது இறந்தவன் கதி யாது? இவ்வையமே அவன் சகோதரியரை வாட்டியது.

இரங்கலுரையில் அம்புரோசு அவர்களைத் தேற்றினார். ஞானஸ்நானம் பெறாமலே சமயத்திற்காக உயிர்நீத்தோரை அவர்தம் குருதி கழுவுமாயின், இவனை இவனது பக்தியும் விருப்பமும் கழுவாவோ என்பது அவர் வாதம். அவர் சடங்கை இகழ்ந்தாரல்லர். அதற்கு ஏங்கிய நெஞ்சை மதித்தார். கத்தோலிக்கரின் திரெந்து சங்கமும் 1547இல், ஞானஸ்நானமோ அதன்மேல் விருப்பமோ வேண்டும் என்றே வரையறுத்தது.