சுமை ஏற்றிப் பார்த்தால்

மின்சாரத்தைப் பொறுத்தவரை எனக்கு ஸ்விட்சைப் போடத் தெரியும். விளக்கு எரியாவிட்டால் அடுத்த வீட்டுப் பையனைக் கூப்பிடத் தெரியும். அப்படிப்பட்ட ஆசாமியை ராணுவ ஜீப்பின் சரித்திரத்தில் இழுத்துவிட்டவர் என் நண்பர் ஒருவர்.

அது அவருடைய தகப்பனார் ஓட்டிய ஜீப். 1941க்கும் 1945க்கும் இடையில் அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு என்ற இரு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளிய வண்டிகளில் ஒன்று. நண்பர் அதைப் பிரித்து, சுரண்டி, ராணுவப் பச்சை பூசி மறுபடியும் பூட்டினார். என்ஜின் ஓடிற்று. முன்விளக்கு மட்டும் அகல் விளக்குப் போல் மினுங்கிற்று.

"ஆறு வோல்ட் எதற்கு ஸார்? டைனமோவைக் கழற்றி எறிந்துவிட்டுப் பன்னிரண்டுக்கு மாற்றுங்கள்" என்றார்கள் எல்லோரும். தகப்பனாரின் டைனமோவை எடைக்குப் போட அவருக்கு மனம் வரவில்லை. கையிலிருந்த டிஜிட்டல் மீட்டரை விளக்குக் கம்பியில் வைத்தார். நிறைந்த ஆறு வோல்ட் காட்டிற்று! விளக்கோ அழுதது.

யுத்த காலப் பட்டறைகளில் இருந்த கருவி வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். புதுப்பேட்டையிலும் ரிச்சி தெருவிலும் நானும் கூடவே அலைந்தேன். கடைசியில் பழைய ஏவோ மீட்டர் ஒன்று கிடைத்தது. கருப்புப் பெட்டி, தோல் வார், கண்ணாடிக்குள் முள்.

அதற்கும் ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் தபால் இலாகாவில் இஞ்சினீயராக இருந்த டொனால்ட் மகாடி, ஒவ்வொன்றை அளக்கவும் ஒவ்வொரு பெட்டி தூக்கி அலுத்துப் போனவர். ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கினார். 1923ல் அது விற்பனைக்கு வந்தது; மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளே பெயராயின. 1951ல் வந்த எட்டாம் மாடலின் உற்பத்தி 2008ல்தான் நின்றது.

வாங்கி வந்த கையோடு அதையும் விளக்குக் கம்பியில் வைத்தோம். அதுவும் ஆறு வோல்ட் என்றது. நண்பரின் முகம் வாடிவிட்டது.

பக்கத்துப் பட்டறைப் பெரியவர் சிரித்தார். "தம்பி, பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் எந்தக் கம்பியும் யோக்கியமாகத்தான் இருக்கும். சுமை ஏற்றிப் பாருங்கள்."

விளக்கைப் போட்டார். ஒரு முனையை பாட்டரியின் எர்த்திலும் மறுமுனையை விளக்கின் இரும்புக் கூட்டிலும் வைத்தார். அங்கே ஒன்றுமே காட்டக் கூடாது. முள் எழுந்து மூன்று வோல்ட்டில் நின்றது!

ஜீப்பில் மின்சாரம் திரும்பிப் போகும் வழி வண்டியின் இரும்பு உடம்புதான். எர்த் பட்டையின் அடியில் நண்பர் ஆசையோடு பூசிய பச்சை வர்ணம் அந்த வழியை மறித்திருந்தது. தடை அரை ஓம்தான். ஆறு ஆம்பியர் ஓடினால் அரை ஓம் மூன்று வோல்ட்டை விழுங்கிவிடும், ஆறில் பாதி. மீட்டரை மட்டும் வைத்தபோது ஓடிய மின்சாரம் இம்மியளவு. அதனால் குற்றம் தெரியவில்லை.

இதைக் கேட்ட பிறகுதான் சரித்திரத்தில் ஒரு விஷயம் விளங்கிற்று. 1950ல் வெளிவந்த எம் 38 என்ற ஜீப்புக்கு அமெரிக்க ராணுவம் 24 வோல்ட் வைத்தது. அதே சக்தியுள்ள விளக்குக்கு 24 வோல்ட்டில் கால் பங்கு மின்சாரம் போதும். அதே அரை ஓம் முக்கால் வோல்ட்டைத்தான் தின்னும். இருபத்துநாலில் முக்கால் போனால் யார் கவனிக்கப் போகிறார்கள்?

பெரியவர் வர்ணத்தைச் சுரண்டி, பட்டையை இறுக்கினார். எதிர்ச் சுவரில் வெளிச்சம் விழுந்தது. பிறகு என்ஜினை ஓட்டி டைனமோவை அளந்தபோதுதான் முள்ளின் அருமை தெரிந்தது. ரெகுலேட்டரின் தொடுமுனைகள் ஓயாமல் திறந்து மூடுவதால் டிஜிட்டல் மீட்டரில் எண்கள் கூத்தாடின. முள் நிதானமாக ஓரிடத்தில் நின்றது. டைனமோ பிழைத்தது.

தகப்பனாரின் நினைவைக் காப்பாற்றப் பூசிய வர்ணமே அவருடைய டைனமோவைக் குப்பைக்கு அனுப்ப இருந்தது. அதைத் தடுத்தது பெரியவர் சொன்ன மூன்று வார்த்தைகள். கதை எழுதுகிற எனக்கும் அவை போதும். சும்மா நிற்கிற பாத்திரம் யோக்கியனா என்பது எனக்கு எப்படித் தெரியும்? சுமையை ஏற்றிப் பார்க்க வேண்டியதுதான்.