சவூதிமயமாக்கம்

சவூதி அரேபியாவில் இயங்கும் நிறுவனங்கள் அந்நாட்டுக் குடிமக்களுக்கே வேலையில் முன்னுரிமை தரவேண்டும் என்னும் அரசுக் கொள்கை. அக்காலத்தில் அமெரிக்க எண்ணெய் நிறுவனமாக இருந்த அராம்கோவில் இது வேரூன்றியது.

தோற்றம்: 1933-இல் மன்னர் அப்துல் அஜீஸின் அரசு, கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்துக்கு எண்ணெய் எடுக்கும் உரிமையை அளித்தது; இவ்வுரிமையிலிருந்தே அராம்கோ உருவானது. ஒப்பந்தத்தின் 23-ஆம் பிரிவு, மேற்பார்வையை அமெரிக்கரிடம் விட்டது. தகுதியுள்ள சவூதியர் கிடைக்கும் வேலைக்குப் பிற நாட்டவரை அமர்த்தக் கூடாது என்றும் விதித்தது. ஆனால் உயர்பதவிகள் அமெரிக்கரிடமே இருந்தன. நிறுவனத்தின் மையமான தஹ்ரான் நகரில் குடியிருப்பும் இனவாரியாகப் பிரிந்திருந்தது: அமெரிக்கருக்குக் குளிர்பதன வீடும் நீச்சல் குளமும், சவூதித் தொழிலாளருக்குத் தொடக்க ஆண்டுகளில் பேரீச்சை ஓலைக் குடிசை.

வேலைநிறுத்தங்கள்: 1945-இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1953 அக்டோபரில் சுமார் 15,000 பேரில் 13,000-க்கும் மேற்பட்டோர் வேலைக்குச் செல்லவில்லை. அரசு, போராட்டத் தலைவர்களைச் சிறையிலிட்டது. அதேவேளை நிறுவனத்திடம் சலுகைகளையும் கேட்டுப் பெற்றது. ஊதியம் உயர்ந்தது, ஊழியரின் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் கட்ட நிறுவனம் இசைந்தது. 1956-இல் மீண்டும் கிளர்ச்சி எழவே, அரச ஆணை வேலைநிறுத்தத்தைத் தடைசெய்தது. இவ்வாறு, சங்கம் அமைக்க இடந்தராத அரசே தொழிலாளர் சார்பில் பேரம் பேசுவதாயிற்று.

சட்டமும் உடைமையும்: 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், வேலையிடங்களில் குறைந்தது 75 விழுக்காடும் ஊதியத்தில் 51 விழுக்காடும் சவூதியருக்கு என வரையறுத்தது. 1973-இல் அராம்கோவின் 25 விழுக்காட்டுப் பங்கை வாங்கிய அரசு, 1980-இல் முழுவதையும் பெற்றது. 1947-இல் ஆபீஸ் பையனாகச் சேர்ந்த அலி அல் நைமி, 1984-இல் அதன் முதல் சவூதித் தலைவரானார்.

அண்மைக்காலம்: 2011-இல் வந்த நிதாகத் திட்டம், சவூதியர் விகிதத்தைக் கொண்டு தனியார் நிறுவனங்களை நிறவாரியாகத் தரம்பிரித்தது. கடைசித் தரமான சிவப்பில் விழுந்த நிறுவனம் வெளிநாட்டு ஊழியரின் வேலை அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. இந்தியத் தொழிலாளர் பலர் ஊர் திரும்ப இது காரணமாயிற்று. இதே போக்கில், வட்டாரத் தலைமையகத்தைச் சவூதியில் வைக்காத பன்னாட்டு நிறுவனங்களுக்கு, சில விலக்குகள் தவிர, அரசு ஒப்பந்தம் இல்லை என்னும் விதி 2024 முதல் நடப்பில் உள்ளது. அதனால் துபாயில் இருந்துகொண்டு சவூதி வணிகத்தைக் கவனித்த மேலாளர்களை ரியாத்துக்கு மாற்றுவதும் இப்போது அரசியல் கணக்கில் சேர்ந்துவிட்டது.